மூன்று மீட்டரில் ஒரு மீட்டர்

ராஸ்பெர்ரித் தோட்டத்தில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே ஏறத்தாழ 3 மீட்டர் இடைவெளி விடுவார்கள். செடிகள் நிற்பதும், ஆண்டுதோறும் புதுத் தண்டுகள் முளைப்பதும், வேர்களில் பெரும்பகுதி பரவியிருப்பதும் அந்த 3 மீட்டரில் சுமார் 1 மீட்டர் அகலத்துக்குள்தான். மீதி 2 மீட்டர் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் போய்வரும் பாதை. அதில் பெரும்பாலும் புல் வளர்ந்திருக்கும். எரு தூவும் சாதாரண வண்டியை இந்தப் பாதையில் இழுத்துச் சென்றால் அது தனக்குப் பின்னால் 3 மீட்டர், சில வேளை அதற்கும் மேல், விசிறியடிக்கும். ஏற்றி வந்த எருவில் மூன்றில் இரண்டு பங்கு புல்லுக்குப் போகும். கொஞ்சம் தண்டுகளிலும் இலைகளிலும் அப்பிக்கொள்ளும். எந்தச் செடிக்காக எரு வந்ததோ அதற்கு மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே அதிகம்.

இந்தக் கணக்கு நன்றாகப் புரியும் இடம் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது. அமெரிக்காவில் விளைந்து உறையவைக்கப்படும் சிவப்பு ராஸ்பெர்ரியில் மிகப் பெரும்பங்கு வாஷிங்டன் மாநிலத்தின் வாட்காம் மாவட்டத்தில், லிண்டன் என்ற சிற்றூரைச் சுற்றி விளைகிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே போனால் கனடாவின் எல்லை. எல்லைக்கு அப்பால் ஃப்ரேசர் பள்ளத்தாக்கில் அபட்ஸ்ஃபோர்ட். அங்கேயும் ராஸ்பெர்ரியும் புளூபெர்ரியும்தான். எல்லையின் ஒரு பக்கம் பால் பண்ணைகள் நெருங்கியிருக்கின்றன, மறுபக்கம் கோழிப் பண்ணைகள். ஆகவே இந்த வட்டாரத்தில் எருவுக்குப் பஞ்சமில்லை. அதை வரிசையோரமாக, தேவையான அளவில், தேவையான இடத்தில் மட்டும் போடுவதற்கான கருவிதான் சிக்கல். வரிசைப் பயிர்களுக்கென்றே செய்த இயந்திரங்கள் விற்பனைக்கு உண்டு. ஆனால் நாலைந்து ஏக்கர் வைத்திருப்பவர், ஆண்டில் மூன்று நாள் ஓடப்போகும் இயந்திரத்துக்கு அவ்வளவு பணம் போட முடியாது. கொட்டகையில் கிடக்கும் பழைய எரு வண்டியையோ மாட்டுத்தீவன வண்டியையோ மாற்றியமைப்பதுதான் அவருக்கு வழி.

எரு தூவும் வண்டியின் வரலாற்றில் அகலமாக வீசுவதே நெடுங்காலம் சாதனையாக எண்ணப்பட்டது. 1870-களில் கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஜோசப் கெம்ப், தானே எருவைப் பின்னுக்குத் தள்ளி உதிர்க்கும் வண்டியை உருவாக்கினார். அதுவரை கவைக்கோலால் வாரி இறைப்பதே வழக்கம். கெம்ப்பின் வண்டி உழைப்பைக் குறைத்தது. ஆனால் எரு வண்டியின் அகலத்துக்கு மட்டுமே விழுந்தது, சக்கரங்களுக்கு நடுவே ஒரு பட்டை போல. 1899-ல் ஒஹையோ மாநிலத்தின் மரியா ஸ்டீன் என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜோசப் ஓப்பன்ஹைம் இந்தக் குறையைத் தீர்த்தார். எரு வாரும் நாட்களில் பெரிய பையன்கள் பள்ளிக்கு வராமல் போவதைப் பார்த்துத்தான் அவர் இதில் இறங்கினார் என்று சொல்வார்கள். வண்டியின் பின்புறம் சாய்வான துடுப்புகள் கொண்ட ஓர் உருளையைச் சேர்த்தார். சாய்ந்த மட்டையில் பட்ட பந்து பக்கவாட்டில் தெறிப்பது போல, துடுப்பில் பட்ட எரு இரு பக்கமும் தெறித்தது. ஒரே ஓட்டத்தில் வண்டியின் அகலத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு நிலத்துக்கு எரு கிடைத்தது. மக்காச்சோளமும் கோதுமையும் விளையும் திறந்த வயலுக்கு அதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. அந்த வடிவமே உலகமெங்கும் நிலைத்தது. பெர்ரி விவசாயி இன்று தேடுவது ஓப்பன்ஹைமுக்கு முந்திய அந்தக் குறுகிய பட்டையை. அதுவும் வண்டிக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில்.

வண்டியில் கை வைப்பதற்கு முன் செடியைப் பார்த்துவிட வேண்டும். பெர்ரி என்ற பெயரில் வருபவை எல்லாம் எருவை ஒரே மாதிரி ஏற்பதில்லை.

ராஸ்பெர்ரி எருவை விரும்பும் செடி. அதன் தண்டு முதலாண்டில் வளர்ந்து இரண்டாமாண்டில் காய்த்துக் காய்ந்துவிடும். அடியிலிருந்து புதுத் தண்டுகள் வந்துகொண்டே இருக்கும். நைட்ரஜன் தேவை ஹெக்டேருக்கு ஏறத்தாழ 55 முதல் 90 கிலோ. (ஒரு ஹெக்டேர் என்பது இரண்டரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு.) இது பெரிய தேவை அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வண்டியைத் திணறடிக்கப்போவது இந்தச் சிறிய எண்தான். எருவைத் தண்டுகளின் அடியில் குவித்து வைத்தால் ஈரம் தங்கி அழுகும், எலிகளும் குடியேறும். அடியிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி, மெல்லிய பட்டையாக விழுவதே நல்லது.

புளூபெர்ரியின் கதை வேறு. அமெரிக்க வேளாண்மைத் துறையின் தாவரவியலாளர் ஃபிரெட்ரிக் கோவில் 1910-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை, புளூபெர்ரிக்கு அமில மண் கட்டாயம் என்று நிறுவியது. அதைப் படித்துவிட்டு நியூ ஜெர்சியின் எலிசபெத் வைட் அவரோடு சேர்ந்து உழைத்ததன் பலனாக, 1916-ல் முதல் சாகுபடிப் புளூபெர்ரி சந்தைக்கு வந்தது. அதுவரை அது காட்டில் பறிக்கும் பழம்தான். இந்தச் செடி கேட்பது 4.5-க்கும் 5.5-க்கும் இடைப்பட்ட அமில, கார நிலை. அதன் வேர்கள் மயிர் போல நுண்மையானவை, ஆனால் அவற்றில் வேர்த்தூவிகள் இல்லை. பெரும்பாலும் மேல் 30 சென்டிமீட்டர் மண்ணிலேயே படர்ந்திருக்கும். உப்பைத் தாங்காது. நைட்ரஜனையும் நைட்ரேட்டாக எடுப்பதைவிட அம்மோனியமாக எடுப்பதையே விரும்பும். மாட்டெருவிலும் கோழியெருவிலும் உப்பு அதிகம், பொட்டாசியம் அதிகம், காரத்தன்மையும் உண்டு. அதனால் பச்சை எருவைப் புளூபெர்ரி வரிசையில் போடுவது தவறு என்றே உறுதியாகச் சொல்ல வேண்டும். மக்கிய எருவாக இருந்தாலும் உப்பும் காரமும் குறைந்தது எனச் சோதித்துத் தெரிந்த பிறகே போடலாம். புளூபெர்ரிக்கு வரிசையோரமாகப் போய்ச் சேர வேண்டியது பெரும்பாலும் மூடாக்குதான்: டக்ளஸ் ஃபிர் மரத்தூள், பட்டைத் துண்டுகள். நல்ல வேளையாக எருவை வரிசையில் விடும் வண்டி மூடாக்கையும் விடும். ஒரே மாற்றம் இரண்டு பயிருக்கும் உதவுகிறது. மரத்தூளில் கார்பனும் நைட்ரஜனும் 500-க்கு 1 என்ற விகிதம் வரை போகும் என்பதால், அது மக்கும்போது மண்ணின் நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த அளவுக்கு உரத்தைக் கூட்டித் தர வேண்டியிருக்கும்.

வண்டியின் உள்ளே

எரு வண்டி எளிய இயந்திரம். மேல் திறந்த ஒரு நீளப் பெட்டி. அதன் தரையில் முன்னிருந்து பின்னாக ஊர்ந்து செல்லும் இரண்டு சங்கிலிகள். சங்கிலிகளுக்கு நடுவே கை அளவு இடைவெளிகளில் குறுக்குச் சட்டங்கள். சங்கிலி மெதுவாக நகரும்போது சட்டங்கள் எருக்குவியல் முழுவதையும் பின்னுக்கு இழுத்துச் செல்லும். பின்வாயிலில் பற்கள் பதித்த உருளைகள், ஒன்றோ இரண்டோ, வேகமாகச் சுழன்றபடி குவியலின் முகத்தைச் சுரண்டி வீசும். சங்கிலியின் வேகம் எவ்வளவு எரு என்பதைத் தீர்மானிக்கிறது, உருளையின் வேகமும் வடிவமும் எவ்வளவு தூரம் என்பதைத் தீர்மானிக்கின்றன. மாற்றியமைப்பவர் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மிக மலிவான மாற்றம், பின்வாயிலுக்கு ஒரு கூண்டு கட்டுவது. உருளைகளைச் சுற்றித் தகரமோ கனமான ரப்பர் விரிப்போ தொங்கவிட்டு, வீசப்படும் எருவை முட்டி நிறுத்திக் கீழே விழச் செய்வார்கள். கூண்டின் அடியில் இரு பக்கமும் சாய்வான தகடுகளை வைத்தால், விழும் எரு நடுவில் சேராமல் வலமும் இடமுமாகப் பிரிந்து சறுக்கும். வெல்டிங் தெரிந்தவருக்கு இது ஒரு நாள் வேலை. உலர்ந்த, நன்கு மக்கிய எருவுக்கு இது ஓரளவு போதும். ஈரமான எரு தகட்டில் ஒட்டிக்கொண்டு அடைக்கும். சாய்வு 45 பாகைக்கும் கூடுதலாக இருந்தாலும் ஒட்டும். தகட்டின் மேல் வழவழப்பான பிளாஸ்டிக் பலகையை ஆணியடித்துப் பொருத்தினால் ஒட்டுவது குறையும். ஆனால் தகடு எவ்வளவு நீண்டாலும் எரு சக்கரத்துக்குச் சற்று வெளியே விழுமே தவிர, வரிசையின் அடிக்குப் போகாது. புவியீர்ப்பை மட்டும் நம்பும் ஏற்பாட்டின் எல்லை அது.

அதைத் தாண்டுவது குறுக்குக் கன்வேயர். பெட்டியின் வாயிலுக்குக் கீழே, வண்டியின் ஓட்டத்துக்குக் குறுக்காக, 40 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு ரப்பர் பெல்ட். சங்கிலி கொண்டுவந்து தரும் எரு பெல்ட்டில் விழும், பெல்ட் அதைப் பக்கவாட்டில் கொண்டுபோய் வரிசையடியில் எறியும். பெல்ட்டை ஓட்ட டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெயில் இயங்கும் ஒரு சிறு மோட்டார் போதும். ஒரு சுற்றுக்கு 100 கன சென்டிமீட்டர் எண்ணெய் குடிக்கும் மோட்டாருக்கு நிமிடத்துக்கு 20 லிட்டர் கொடுத்தால், கசிவைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அது நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையை அது சுழற்றினால் பெல்ட்டின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர்.

இந்த வேகம்தான் எரு எங்கே விழும் என்பதைச் சொல்கிறது. பெல்ட்டின் முனை தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், அங்கிருந்து புறப்படும் எரு தரையைத் தொட 0.45 நொடி ஆகும். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் 45 சென்டிமீட்டர் தள்ளி விழும். 2 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் 90 சென்டிமீட்டர். ஆகவே எண்ணெய் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்றை ஓட்டுநரின் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டால், பட்டையை வரிசைக்கு அருகிலும் தள்ளியும் நகர்த்தலாம். வரிசை வளைந்திருந்தாலும், டிராக்டர் கொஞ்சம் விலகினாலும் சரிசெய்துகொள்ளலாம். காற்று வீசும் நாளில் உலர்ந்த தூள் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. அப்போது பெல்ட்டின் முனையில் ஒரு ரப்பர் திரையைத் தொங்கவிட வேண்டும்.

மூன்றாவது வழி, மாட்டுத்தீவன வண்டியைப் பிடித்துக்கொள்வது. பால் பண்ணைகள் நிறைந்த வட்டாரத்தில் பழைய தீவன வண்டிகள் எளிதில் கிடைக்கும். நறுக்கிய பசுந்தீவனத்தைத் தொட்டி நெடுகக் கொட்டுவதற்காகச் செய்த வண்டி அது. தரைச் சங்கிலி குவியலை முன்னுக்குக் கொண்டுவரும், பற்கள் கொண்ட உருளைகள் அதைக் கலைத்துக் கீழே தள்ளும், குறுக்குக் கன்வேயர் ஒரு பக்கமாக வெளியேற்றும். அதாவது பெர்ரிக்காரர் செய்ய நினைத்த மாற்றங்களில் பெரும்பகுதியை அந்த வண்டி பிறக்கும்போதே பெற்றிருக்கிறது. மரத்தூள், மக்கிய எரு போன்ற இலகுவான பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைக்காது. குறை என்னவென்றால், அதன் சங்கிலியும் அச்சும் தீவனத்தின் எடைக்காகச் செய்யப்பட்டவை. ஈரச் சாணியெருவை விளிம்பு வரை ஏற்றினால் சங்கிலி அறும், பேரிங் போகும். பாதி ஏற்றத்தில் ஓட்டுவதே அறிவுடைமை. பக்கச் சுவர்களும் உயரம்; சரிவான நிலத்தில் கவிழும் அபாயம் கூடுதல்.

கட்டி விழுவதும் தூறுவதும்

முதல் முறை மாற்றியமைப்பவர்கள் அடிக்கடி செய்யும் ஒரு பிழை உண்டு. உருளைகள்தானே எருவை வீசுகின்றன, வீச்சு வேண்டாம் என்றால் அவற்றைக் கழற்றிவிடலாம் என்று நினைத்துக் கழற்றிவிடுவார்கள். அதன் பிறகு என்ன ஆகும் என்பதைக் கணக்கு காட்டிவிடும்.

ஆழ்கூளக் கோழி எருவில் ஏறத்தாழ 3 விழுக்காடு நைட்ரஜன் இருக்கும் என்று கொள்வோம். ஒரு டன்னில் 30 கிலோ. அதில் பாதி முதலாண்டில் செடிக்குக் கிடைக்கும் என்றால், ஹெக்டேருக்கு 60 கிலோ நைட்ரஜன் தர 4 டன் எரு போதும். 3 மீட்டர் இடைவெளியில் வரிசை போட்ட ஒரு ஹெக்டேரில் வரிசைகளின் மொத்த நீளம் 3,333 மீட்டர். ஆகவே ஒரு மீட்டர் வரிசைக்கு 1.2 கிலோ எரு. இரண்டு கைகளாலும் சில முறை அள்ளினால் வந்துவிடும் அளவு அது. டிராக்டர் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 0.83 மீட்டர் வேகத்தில் போகிறது. வண்டி நொடிக்கு 1 கிலோ எருவை வெளியே விட வேண்டும்.

பெட்டியின் அகலம் 1.2 மீட்டர், குவியலின் உயரம் 60 சென்டிமீட்டர், எரு ஒரு கன மீட்டருக்கு 450 கிலோ எனில், சங்கிலி ஒரு மீட்டர் நகர்ந்தால் 324 கிலோ வெளியேறும். நொடிக்கு 1 கிலோ வேண்டுமானால் சங்கிலி நொடிக்கு 3 மில்லிமீட்டர்தான் நகரலாம். உருளை இல்லாத வாயிலில் இவ்வளவு மெதுவாக நகரும் குவியல் தூறலாக உதிராது. விளிம்பைத் தாண்டி 10 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும், பிறகு மொத்தமாகப் பிளந்து விழும். அந்த ஒரு கட்டியின் எடை 32 கிலோ. அடுத்த கட்டி விழ அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் டிராக்டர் 27 மீட்டர் போயிருக்கும். ஹெக்டேர் கணக்கில் பார்த்தால் 4 டன் சரியாகப் போடப்பட்டிருக்கும். செடிக் கணக்கில் பார்த்தால் ஓரிடத்தில் வேர் கருகும், அடுத்த 27 மீட்டருக்கு ஒன்றுமே இல்லை.

எனவே உருளையைக் கழற்றக் கூடாது. அதன் வேகத்தைக் குறைக்க வேண்டும். உருளையின் பற்சக்கரத்தை இரு மடங்கு பெரிதாக மாற்றினாலே அதன் சுழற்சி பாதியாகக் குறையும். வீசும் வலிமை போய்விடும், சுரண்டும் வேலை மட்டும் நிற்கும். சுரண்டப்பட்ட எரு தூளாகக் கன்வேயரில் விழும். கன்வேயர் வேகமாக ஓடுவதாலும் ஒரு நன்மை உண்டு. நொடிக்கு 3 மில்லிமீட்டர் நகரும் சங்கிலியிலிருந்து 1 மீட்டர் ஓடும் பெல்ட்டுக்கு மாறும்போது எரு நூற்றுக்கணக்கான மடங்கு நீட்டப்பட்டு மெல்லிய படலமாகிறது. சிறு கட்டிகள் பெல்ட்டில் விழும்போதே கொஞ்சம் பரவிக்கொள்கின்றன. இன்னொரு வழி, பெட்டிக்குள் பக்கப் பலகைகளைச் செருகிக் குவியலின் அகலத்தைப் பாதியாக்குவது. அப்போது அதே அளவு எருவுக்குச் சங்கிலி இரு மடங்கு வேகமாக ஓடலாம். வேகம் கூடினால் சீர் கூடும். ஒரு மரப்பலகையின் செலவில் கிடைக்கும் இந்த ஆதாயத்தை அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை என்பது வருத்தம்.

மக்கிய மாட்டெருவுக்கும் மூடாக்குக்கும் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அளவு பெரியது. ஹெக்டேருக்கு 20 டன் மக்கிய எரு என்றால் மீட்டருக்கு 6 கிலோ. கன மீட்டருக்கு 600 கிலோ எடையுள்ள எரு அது எனில், 1 மீட்டர் அகலப் பட்டையில் 1 சென்டிமீட்டர் கனம் வரும். மரத்தூள் மூடாக்கை 8 சென்டிமீட்டர் கனத்துக்குப் போட வேண்டுமானால் ஹெக்டேருக்கு 267 கன மீட்டர் ஆகும். அங்கே நேரத்தைத் தின்பது வண்டியின் வேகமல்ல, திரும்பத் திரும்ப ஏற்றிவரும் நடை.

சக்கரமா, தண்டா, எண்ணெயா

வண்டிக்கு விசை எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அளவின் ஒழுங்கு மாறும். பழைய வண்டிகளில் வண்டிச் சக்கரமே சங்கிலியை ஓட்டும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ராட்செட் பல்லொன்றோ இரண்டோ நகரும், சங்கிலியும் அந்த அளவே நகரும். டிராக்டர் வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் மீட்டருக்கு விழும் எரு மாறாது. வரிசைப் பயிருக்கு இது பெரிய வரம். ஆனால் ஈரப் புல்லில் சக்கரம் வழுக்கினால் எரு நின்றுவிடும். குறுக்குக் கன்வேயரையும் அந்தச் சக்கரத்தாலேயே ஓட்டுவது கடினம். அதற்குத் தனியாக ஹைட்ராலிக் மோட்டாரோ சிறு பெட்ரோல் எஞ்சினோ வைக்கிறார்கள்.

டிராக்டர் எஞ்சினின் விசையை வெளியே தரும் பி.டி.ஓ. தண்டால் ஓடும் வண்டியில் நிமிடத்துக்கு 540 சுற்று என்பது பொதுவான அளவு. ஒரே கியரில் இருக்கும்வரை எஞ்சினை முடுக்கினால் டிராக்டரும் வேகமாகும், தண்டும் அதே விகிதத்தில் வேகமாகும். மீட்டருக்கு விழும் எரு ஏறக்குறைய அப்படியே இருக்கும். கியரை மாற்றினால்தான் அளவு மாறும். சங்கிலியையும் ஹைட்ராலிக் மோட்டாரால் ஓட்டினால் நிலைமை வேறு. எண்ணெய் ஓட்டத்தை மாறாமல் வைக்கும் வால்வு இருந்தால், டிராக்டரின் வேகம் எதுவானாலும் நொடிக்கு விழும் எரு ஒன்றே. மணிக்கு 3 கிலோமீட்டரில் மீட்டருக்கு 6 கிலோ விழுந்தது, 4 கிலோமீட்டரில் நாலரைக் கிலோவாகக் குறையும். இதைத் தெரியாமல் ஓட்டுபவர் மேட்டில் தாராளமாகவும் இறக்கத்தில் கஞ்சத்தனமாகவும் எரு போட்டுக்கொண்டு போவார்.

அளவு சரியா என்று அறியத் தராசும் ஒரு தார்ப்பாயும் போதும். 2 மீட்டர் நீளத் தார்ப்பாயை வரிசையோரம் விரித்து, வண்டியை வழக்கமான வேகத்தில் கடந்து செல்லவிட்டு, விழுந்ததை நிறுக்க வேண்டும். மீட்டருக்கு 6 கிலோ இலக்கு என்றால் 12 கிலோ இருக்க வேண்டும். ஓரிடத்தில் நிறுத்துப் பார்த்தால் போதாது. பெட்டி நிரம்பியிருக்கும்போது ஒன்று, பாதியில் ஒன்று, தீரும் தறுவாயில் ஒன்று என மூன்று இடங்களில் விரித்தால்தான் வண்டியின் உண்மைக் குணம் தெரியும். குவியலின் முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் எப்போதும் மெலிந்தே விழும். இரண்டு ஏற்றங்கள் சந்திக்கும் இடத்தில் சில மீட்டர் மேற்பொருந்தும்படி ஓட்டுவது அதனால்தான். தார்ப்பாயை எடுக்கும்போது அகலத்தையும் அளக்க வேண்டும். பட்டையின் ஓரம் எங்கே முடிகிறது, தண்டின் அடியை எவ்வளவு நெருங்குகிறது என்பது எடையைப் போலவே முக்கியம்.

ஒரு பக்கம் மட்டும் வெளியேற்றும் வண்டி, வரிசைக்கு ஒரு பக்கத்தில் மட்டும் எரு விட்டால் ஹெக்டேருக்கு 3,333 மீட்டர் ஓட வேண்டும், மணிக்கு 3 கிலோமீட்டரில் 67 நிமிடம். இரு பக்கமும் விட வேண்டுமானால் ஓட்டம் இரட்டிப்பாகும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் வெளியேற்றும் வண்டி ஒவ்வொரு பாதையிலும் ஒரே ஒரு முறை போனால் போதும், இடது வரிசைக்குப் பாதி, வலது வரிசைக்குப் பாதி. வளர்ந்த ராஸ்பெர்ரிக்கு இந்த ஆண்டு ஒரு பக்கம், அடுத்த ஆண்டு மறுபக்கம் என்று மாற்றி மாற்றிப் போடுவது, கூடுதல் கருவி இல்லாதவருக்கு ஏற்ற சமரசம்.

பாதை, எடை, பருவம்

2 மீட்டர் பாதையில் ஓடும் வண்டியின் முழு அகலம் 1.7 மீட்டரைத் தாண்டாமல் இருந்தால்தான் தண்டுகள் முறியாது. கன்வேயரின் முனை அதற்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால், கம்பித் தூண்களில் இடித்தால் மடங்கிக்கொள்ளும்படி கீலும் ஸ்பிரிங்கும் வைத்துப் பொருத்துவது அவசியம். சக்கரங்கள் அகலமானவையாகவும் காற்றழுத்தம் குறைந்தவையாகவும் இருப்பது நல்லது. மேற்குக் கரையின் வசந்தகால மண் நனைந்து கிடக்கும். 3 டன் ஏற்றிய வண்டி அதன்மேல் ஏறினால் மண் இறுகும். இறுகி நீர் வடியாத மண்ணில்தான் ராஸ்பெர்ரியின் கொடிய நோயான ஃபைட்டோஃப்தோரா வேரழுகல் தலைதூக்கும். எருவால் கிடைத்த நன்மையைச் சக்கரம் பறித்துவிடலாம். சிறு பெட்டி, அதிக நடை என்பதே இந்தப் பயிருக்கு ஏற்றது.

பருவத்தைத் தீர்மானிப்பது மண் மட்டுமல்ல. பச்சை எருவில் நோய்க்கிருமிகள் உண்டு, பெர்ரியைக் கழுவித் தோலுரித்துச் சாப்பிடுவதில்லை. அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகள், உண்ணும் பகுதி மண்ணைத் தொடும் பயிருக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பும், தொடாத பயிருக்கு 90 நாள் முன்பும் பச்சை எரு இடுவதை நிறுத்தச் சொல்கின்றன. ஸ்ட்ராபெர்ரி முதல் வகை. ராஸ்பெர்ரி கம்பியில் கட்டப்பட்டு உயரத்தில் காய்ப்பது. ஜூலை முதல் வாரத்தில் பறிப்பு தொடங்கும் தோட்டத்தில் 120 நாள் கணக்கு மார்ச் தொடக்கத்தில் முடிந்துவிடும், 90 நாள் கணக்கு ஏப்ரல் தொடக்கத்தில். ஒரு பக்கம் இந்தக் கெடு, மறுபக்கம் நனைந்த மண். நடுவில் கிடைப்பது சில வாரங்கள்தான். முறைப்படி மக்கவைத்த எருவுக்கு இந்தக் கெடு இல்லை. நீளக் குவியலாகப் போட்டு, 55 முதல் 77 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 15 நாள் வைத்து, அதற்குள் 5 முறையாவது புரட்டியிருக்க வேண்டும். மக்கிய எரு தூளாகவும் இருக்கும். வண்டியில் அடைக்காமல் ஓடும். பெர்ரித் தோட்டத்துக்கு மக்கிய எருவே சிறந்தது என்பதற்கு இயந்திரமும் சான்று சொல்கிறது. எருவில் கிடக்கும் கல்லையும் வைக்கோல் கட்டிய நைலான் கயிற்றையும் ஏற்றும்போதே பொறுக்கிவிட வேண்டும். கயிறு உருளையில் சுற்றிக்கொண்டால் அன்றைய வேலை அதோடு நின்றது.

அப்படி நிற்கும் நேரமே மிக ஆபத்தான நேரம். பி.டி.ஓ. தண்டின் நிமிடத்துக்கு 540 சுற்று என்பது நொடிக்கு 9 சுற்று. தளர்ந்த சட்டை நுனியைத் தண்டு பற்றிக்கொண்டால் கையை இழுத்துக்கொள்ள நேரமிருக்காது. வீட்டில் செய்த மாற்றங்களில் முதலில் காணாமல் போவது காப்புறைகள்தான். சங்கிலிக்கும் தண்டுக்கும் பெல்ட்டின் உருளைகளுக்கும் உறை போடாத வண்டியை வயலில் இறக்கக் கூடாது. அடைப்பை எடுக்கப் போகிறவர் எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும்.

இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்பவருக்கு அபட்ஸ்ஃபோர்டின் கிணறுகள் பதில் சொல்லும். அந்த ஊரின் அடியில், பனிப்பாறைகள் உருகியபோது படிந்த மணலும் கூழாங்கல்லுமாக ஒரு பெரிய நீர்த்தாங்கி இருக்கிறது. அதன் மேல் நீர் புகாத களிமண் மூடி இல்லை. மழையில் பெரும்பகுதி அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் நடுவே, செடி உறங்கும்போது பெய்கிறது. நைட்ரேட் மண்துகளோடு ஒட்டாது, நீரோடு இறங்கிவிடும். கோழி எருவைத் தாராளமாகக் கொட்டிய ஆண்டுகளின் விளைவாகப் பல கிணறுகளில் நைட்ரேட், குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட அளவான லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரஜனைத் தாண்டியது. கோழி எருவை லாரிகளில் ஏற்றி நீர்த்தாங்கிக்கு வெளியே கொண்டுபோகும் ஏற்பாடுகள் வந்தன. ஆனால் எருவின் இடத்தை ரசாயன உரம் பிடித்துக்கொண்டது. 2006-ல் வெளியான ஆய்வொன்று நைட்ரேட் குறையவில்லை என்று காட்டியது. கெடுதல் எருவின் பிறப்பில் இல்லை. செடி எடுப்பதற்கு மேல் எது விழுந்தாலும் அது கீழே போகிறது.

மேலே பார்த்த 4 டன் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். வரிசைக்கு மீட்டருக்கு 1.2 கிலோ கிடைக்க வேண்டும் என்பதற்காக அகலத் தூவும் வண்டியால் நிலம் முழுவதும் அதே அடர்த்தியில் போட்டால் 12 டன் ஆகும். அதில் 360 கிலோ நைட்ரஜன். வரிசையில் விழுவது 120 கிலோ. மீதி 240 கிலோ பாதையில் கிடக்கும். புல் கொஞ்சம் எடுக்கும், கொஞ்சம் காற்றில் போகும், எஞ்சியது குளிர்கால மழையோடு கூழாங்கல்லுக்குள் இறங்கும். அபட்ஸ்ஃபோர்டின் நிலத்தடி நீர் பெரும்பாலும் தெற்கு நோக்கி நகர்கிறது. அங்கே மண்ணுக்குள் இறங்கும் நைட்ரேட் எல்லையைக் கடந்து, வாஷிங்டன் மாநிலத்து வீடுகளின் கிணற்றில் வந்து சேர்கிறது.